இன்சுலினும் எழுத்துப்போலியும்

1922-ஆம் ஆண்டு சனவரி மாதம் 11-ஆம் நாள், கனடா நாட்டின் ரொறன்ரோ நகரத்து வைத்தியசாலையொன்றிலே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் எலும்புந் தோலுமாய்க் கிடந்தான். அவன் பெயர் லெனாட் தொம்சன். நீரிழிவு அவனை உருக்கிவிட்டிருந்தது. இளவயதில் இந்நோய் கண்டவர்க்கு அக்காலத்து வைத்தியர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: உணவைக் குறைத்துக் குறைத்துப் பட்டினியினாலே சாவைச் சில மாதங்கள் தள்ளிப் போடுவது. அன்று அவனுக்கு மாட்டின் சதையியிலிருந்து வடித்த சாறு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சாறு தூயதன்று. ஏற்றிய இடம் வீங்கிச் சீழ் கட்டியது, பயனோ சொற்பம். கொலிப் என்னும் உயிர் இரசாயன அறிஞர் இரவு பகலாக உழைத்து அச்சாற்றைத் தூய்மை செய்தார். சனவரி 23-ஆம் நாள் மீண்டும் ஊசி ஏற்றப்பட்டது. குருதியிலிருந்த சர்க்கரை இறங்கியது. சிறுவன் தேறினான், அதன் பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

பான்ரிங், பெஸ்ற், மக்கிளவுட், கொலிப் ஆகிய நால்வரின் முயற்சியாற் கிடைத்த அம்மருந்தே இன்சுலின். அவர்களுட் பான்ரிங்குக்கும் மக்கிளவுட்டுக்கும் 1923-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வரலாற்றை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். ஆயின் இதன் நடுவிலே ஒரு புதிர் இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறுவனைக் காத்தது மனித இன்சுலின் அன்று. அது மாட்டின் உடலிலே, மாட்டின் தேவைக்கென உண்டான ஒரு பொருள். ஒருவனுடைய குருதியே மற்றொருவனுக்குப் பல வேளைகளில் ஒவ்வாதிருக்க, மாட்டின் சுரப்பு மனிதனுக்கு எவ்வாறு ஒத்தது?

மாடு மாத்திரமன்று, பன்றியின் இன்சுலினும் ஒத்தது. இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்த ஒரு செய்தி இங்கே கூறத்தக்கது. ஐரோப்பாவிலிருந்து தப்பி ஷாங்காய் நகரை அடைந்த அகதிகளுள் விக்டர் சாக்ஸ்ல், ஏவா சாக்ஸ்ல் என்னும் இளந் தம்பதிகளும் இருந்தனர். ஏவாவுக்கு நீரிழிவு. 1941 திசெம்பரிற் சப்பானியப் படை நகரம் முழுவதையும் கைப்பற்றியபின் மருந்துக் கடைகளில் இன்சுலின் அருகிப் போயிற்று. கணவனும் மனைவியும் வைத்தியர் அல்லர். ஒரு வைத்திய நூலிற் கண்ட முறையைப் பற்றிக்கொண்டு, சீன இரசாயன அறிஞர் ஒருவர் இடங்கொடுத்த ஆய்வுகூடத்திலே எருமையின் சதையியிலிருந்து கபில நிறமான ஒரு மருந்தை வடித்தனர். முதலிலே முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தனர். பின்னர் ஏவா தமக்கே ஏற்றிக்கொண்டார். அவர் பிழைத்தார்; அகதிகள் குடியிருப்பிலிருந்த ஏனைய நோயாளருக்கும் அம்மருந்து வழங்கப்பட்டது. எருமையினுடைய இன்சுலினும் மனித உடலிலே தன் தொழிலைச் செய்தது. ஏன் செய்தது என்பதை அன்று உலகில் எவரும் விளக்கியிருக்க இயலாது.

விளக்கம் கேம்பிறிட்ஜ் நகரிலே, பிரெடெரிக் சாங்கர் என்னும் அமைதியான ஒரு மனிதரின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. இன்சுலின் ஒரு புரதம். புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்பட்ட சங்கிலிகளாம். அவ்வமிலங்கள் பெரும்பாலும் இருபது வகை. சில எண்ணெயைப் போல நீரை வெறுப்பன. சில நீரை விரும்புவன. சில நேர் மின்னேற்றமும் சில எதிர் மின்னேற்றமும் உடையன. சில பருத்தன, சில சிறுத்தன. இவை ஒரு புரதத்தில் நிலையான ஒழுங்கில் நிற்கின்றனவா, அன்றேல் சந்தர்ப்பத்துக்கேற்பக் கலந்து கிடக்கின்றனவா என்பதே அந்நாளில் ஐயமாயிருந்தது.

சாங்கர் மாட்டு இன்சுலினை எடுத்தார். அமிலத்தாலும் நொதிகளாலும் அதனைத் துண்டு துண்டாக்கினார். ஒவ்வொரு துண்டின் தலைப்பிலுள்ள அமினோ அமிலத்துக்கு மஞ்சள் நிறமேற்றும் ஒரு சேர்வையைக் கையாண்டு அதனை இனங்கண்டார். வடிதாளிலே துண்டுகளைப் பரவவிட்டுப் பிரித்தார். ஒரே நூலின் பல பிரதிகள் வெவ்வேறிடங்களிலே கிழிந்து கிடைத்தால், ஒன்றின் கிழிவை மற்றொன்றின் தொடர்ச்சியாற் பொருத்தி மூலத்தை மீட்பர் ஏட்டுச்சுவடி ஆராய்வோர். சாங்கர் செய்ததும் அதுவே. 1955 அளவில் வேலை முற்றுப்பெற்றது. இன்சுலின் இரண்டு சங்கிலிகளால் ஆனது. குறுஞ்சங்கிலியில் 21, நெடுஞ்சங்கிலியில் 30, ஆக 51 அமினோ அமிலங்கள். கந்தகங் கொண்ட சிஸ்ரீன் என்னும் அமிலம் ஆறிடங்களில் நின்று, இரண்டிரண்டாய்க் கைகோத்து மூன்று பிணைப்புக்களை உண்டாக்குகின்றது. அவற்றுள் இரண்டு இரு சங்கிலிகளையும் ஒன்றோடொன்று கட்டுகின்றன. மூன்றாவது குறுஞ்சங்கிலிக்குள்ளேயே அமைகின்றது. ஒரு புரதத்தின் எழுத்துக்கூட்டு முழுவதும் வாசிக்கப்பட்டது அதுவே முதன்முறை. 1958-இற் சாங்கருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அதன்பின் பன்றியினதும் செம்மறியாட்டினதும் இன்சுலின்களையும் அவர்கள் வாசித்தனர். குறுஞ்சங்கிலியின் 8, 9, 10 ஆகிய மூன்றிடங்களிலே மட்டும் சிறுசிறு மாற்றங்கள் காணப்பட்டன. எஞ்சியவை எழுத்துக்கெழுத்து ஒன்றே. 1960-இல் மனித இன்சுலினும் வாசிக்கப்பட்டது. மாட்டுக்கும் மனிதனுக்கும் மூன்றிடங்களிலே வேற்றுமை. பன்றிக்கும் மனிதனுக்கும் ஓரிடத்திலேதான் வேற்றுமை: நெடுஞ்சங்கிலியின் முப்பதாவது, அதாவது கடைசி, இடம். மனிதனில் அங்கே நிற்பது திரியோனின், பன்றியில் அலனின்.

தமிழிலக்கணம் படித்தவர்க்கு இவ்விடத்திலே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வராதிராது. ஒரு சொல்லில் ஓரெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோரெழுத்து வந்து நின்றும் பொருள் வேறுபடாதிருப்பின், அதனைப் போலி என்பர் நன்னூலார் வழிவந்தோர். நிலம் என்பது நிலன் என நின்றாற் கடைப்போலி. அரசு அரைசு என நின்றால் இடைப்போலி. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினுக்குக் கடைப்போலி. மாட்டினது இடையும் கடையும் திரிந்த போலி. எழுத்து மாறிற்று, உடல் அதனைப் படித்தறிந்த பொருள் மாறவில்லை. தொம்சன் பிழைத்தமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும் போலியிலக்கணம் மாணவர்க்கு வேறொன்றையும் உணர்த்துகின்றது. பந்தல் பந்தர் ஆகும். சாம்பல் சாம்பர் ஆகும். குடல் குடர் ஆகும். அதைக்கொண்டு கடலைக் கடர் என்றும் மணலை மணர் என்றும் எழுதும் மாணவனுக்குப் புள்ளி கிடையாது. லகரம் ரகரத்துக்கு இனமானது என்பது மாத்திரம் போதாது. எந்தச் சொல்லில், எந்த இடத்தில் என்பதே தீர்ப்பு. புரதத்திலும் இவ்வாறே. இன்ன அமிலம் இன்ன அமிலத்துக்கு இனமானது என்று பட்டியலிட்டு வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தோர் பலமுறை ஏமாந்தனர்.

இடத்தின் தன்மையை அறிவதற்கு எழுத்துக்கூட்டுப் போதாது, உருவம் வேண்டும். அவ்வுருவத்தை உலகுக்குக் காட்டியவர் ஒட்சுபோட்டில் ஆராய்ந்த டொறொத்தி ஹொட்ஜ்கின் அம்மையார். இன்சுலின் பளிங்கின் எக்ஸ்-கதிர்ப் படத்தை அவர் முதன்முதல் வெளியிட்டது 1935-இல். அணுக்கள் நிற்கும் இடங்களைக் கணித்து முடித்தது 1969-இல். இடையிற் கழிந்தவை முப்பத்துநான்கு ஆண்டுகள். பெனிசிலினின் அமைப்பையும் பி-12 உயிர்ச்சத்தின் அமைப்பையும் கண்டு 1964-இல் நோபெல் பரிசு பெற்றதும் அந்த இடைக்காலத்திலேயே. பொறுமைக்கு இலக்கணம் தேடுவோர் வேறெங்கும் செல்லவேண்டியதில்லை.

அம்மையார் கண்ட உருவத்தில் இரு சங்கிலிகளும் நீண்டு கிடக்கவில்லை; சுருண்டும் மடிந்தும் ஒரு சிறு முடிச்சாய் இருந்தன. எண்ணெய்த் தன்மையுள்ள அமிலங்கள் உள்ளே ஒன்றோடொன்று நெருங்கி, நீருக்கு அஞ்சியொளிவனபோற் கிடந்தன. நீரை விரும்புவன வெளியே நின்றன. நெடுஞ்சங்கிலியின் முப்பதாவது அமிலமோ, சேலையின் முந்தானைபோல வெளியே தொங்கிற்று. அங்கே திரியோனின் இருந்தாலென்ன, அலனின் இருந்தாலென்ன? குறுஞ்சங்கிலியின் எட்டாம் இடமும் வெளிப்புறத்தது. பத்தாம் இடத்திலே மனிதனுக்கு ஐசோலியூசின், மாட்டுக்கு வலின். இரண்டும் எண்ணெய்த் தன்மையன. ஒரு காபன் அணுவே கூடுதல் குறைவு. ஆனால் ஆறு சிஸ்ரீன்களுள் ஒன்றையேனும் மீனோ பறவையோ பசுவோ மாற்றிக்கொண்டதில்லை. அவை சுவரைத் தாங்கும் தூண்கள்.

இவ்வறிவு நோயாளருக்குப் பயன்பட நெடுநாட் செல்லவில்லை. பன்றியினதும் மாட்டினதும் இன்சுலின் தொழிலைச் செய்தபோதிலும், சிலருடைய உடல் அதனை அயலதென்று கண்டு எதிர்ப்புக் காட்டிற்று. மூன்றிடங்களில் வேறுபட்ட மாட்டு இன்சுலினிலே அவ்வெதிர்ப்பு மிகுதி. சமயத்தினாலும் தடை இருந்தது. இசுலாமியர் பலருக்குப் பன்றியும் இந்துக்கள் பலருக்கு மாடும் மனத்துக்கு ஒவ்வாதவை. உயிர் பிழைக்கும் மருந்து என்பதால் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டனர். 1982-இல் இரண்டு வழிகள் திறந்தன. டென்மார்க்கு நாட்டு இரசாயனர் பன்றி இன்சுலினை ஒரு நொதியின் துணைகொண்டு அந்தக் கடைசி அலனினை நீக்கித் திரியோனினைப் பொருத்தி, மனித இன்சுலினாகவே ஆக்கினர். ஓரெழுத்துத் திருத்தம், அவ்வளவே. அமெரிக்காவிலோ பக்றீரியாவுக்கு மனித இன்சுலினின் செய்தியை ஊட்டி, அதனையே உற்பத்தி செய்வித்தனர். 1978-இல் ஆய்வுகூடத்தில் வெற்றிகண்ட அம்முறை 1982-இல் அங்கீகாரம் பெற்றது. பின்னாளிற் பரவியது இந்த இரண்டாவது வழியே. அதற்கு எந்த விலங்கின் சதையியும் வேண்டியிருக்கவில்லை.

இனி, பொறுக்கப்படாத மாற்றங்களைப் பார்த்தல் வேண்டும். இயற்கையே சில குடும்பங்களில் அவற்றைச் செய்து வைத்திருந்தது. சப்பானிலே வக்காயாமா என்னும் இடத்தின் பெயரால் அறியப்படும் இன்சுலின் ஒன்று 1986-இல் விவரிக்கப்பட்டது. நோயாளியின் குருதியிற் சர்க்கரை மிகுதி, இன்சுலினும் மிகுதி. வெள்ளம் ததும்பும் குளத்தின் கீழே வயல் காய்ந்து கிடந்தது போன்ற நிலை. ஆராய்ந்தபோது குறுஞ்சங்கிலியின் மூன்றாம் இடத்திலே வலினுக்குப் பதிலாக லியூசின் நின்றது. எந்தப் பட்டியலிலும் வலினும் லியூசினும் நெருங்கிய உறவினர். இரண்டும் எண்ணெய்த் தன்மையன, மின்னேற்றம் இல்லாதன, பருமனில் ஒரு காபன் அணுவே வேற்றுமை. பத்தாம் இடத்தில் மாடு செய்துகொண்ட மாற்றத்துக்கும் இதற்கும் அளவிலே பேதமில்லை. ஆயினும் இந்த இன்சுலின் தன் ஏற்பியைப் பற்றும் வலிமை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று.

ஏற்பி என்பது கலங்களின் மேலே இன்சுலினை எதிர்கொண்டு வாங்கும் புரதம். அது பூட்டு, இன்சுலின் திறவுகோல். இங்கேதான் ஒரு நுட்பம் மறைந்திருந்தது. ஹொட்ஜ்கின் அம்மையார் கண்ட உருவத்தில் மூன்றாம் இடத்து வலின் நெடுஞ்சங்கிலியின் வாற்பகுதிக்கு அடியிலே மறைந்திருந்தது. மறைந்துகிடக்கும் ஒன்று பூட்டைத் தொடுவது எவ்வாறு? பூட்டுக்குள் நுழையும்போது திறவுகோலே தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது போலும் என்று அறிஞர் ஐயுற்றனர். ஏற்பியோடு பிணைந்த நிலையில் இன்சுலின் முதன்முதற் காணப்பட்டது 2013-இல், அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே தலைமைதாங்கி நடத்தப்பட்ட ஆய்விலேயாகும். அதனையும் அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வையும் கொண்டு ஐயம் தீர்ந்தது. வாற்பகுதி கதவுபோல விலகுகின்றது. உள்ளே ஒளிந்திருந்த வலின் வெளிப்பட்டு ஏற்பியைத் தொடுகின்றது. அவ்விடத்தில் ஓரணுவின் இடத்துக்குக்கூட இடமில்லை.

இதற்கு நேர்மாறான அதிசயமும் உண்டு. நெடுஞ்சங்கிலியின் 24-ஆம் இடத்திலே பருத்த எண்ணெய்த் தன்மையுள்ள பீனைலலனின் நிற்கிறது. முதுகெலும்புள்ள பிராணிகளிலே பெரிதும் மாறாத இடம் அது. அங்கே இருபதிலும் மிகச் சிறியதாகிய கிளைசினை வைத்தால் எல்லாம் பாழாகும் என்றே எவரும் எண்ணுவர். ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தனர். இன்சுலின் ஏற்பியை நன்றாகவே பற்றிற்று! உறவினன் வந்தபோது வீடு இடிந்தது. அந்நியன் வந்தபோது நிலைத்தது. பட்டியலை நம்பினோர் வெட்கியதில் வியப்பில்லை.

இவ்வளவும் அறிந்தபின் மனிதர் தாமே மாற்றங்களைத் திட்டமிடத் தொடங்கினர். சதையியிலே இன்சுலின் ஆறாறாகக் கூடி, நடுவே நாகத்தின் அணுக்களைப் பிடித்துக்கொண்டு சேமிக்கப்படுகின்றது. தோலின் கீழே ஊசியால் ஏற்றப்படும் இன்சுலினும் அந்நிலையிலேயே கிடந்து, மெல்லப் பிரிந்து, ஒன்றொன்றாய்க் குருதியை அடைகின்றது. ஆகவே உணவுக்கு அரைமணி நேரம் முன்னரே ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டும். காத்திருந்தபின் சோறு வரத் தாமதித்தாலோ, மயக்கம் வரும். கூட்டத்தைக் கலைத்தால் மருந்து விரைவில் இறங்கும் என்று ஆய்வாளர் எண்ணினர்.

முதல் முயற்சிகளுள் ஒன்று பத்தாம் இடத்தைப் பற்றியது. நெடுஞ்சங்கிலியின் பத்தாம் இடத்து இஸ்ரிடினே நாகத்தைப் பிடித்திருப்பது. அதனை நீக்கி அஸ்பார்ட்டிக் அமிலத்தை வைத்தனர். எதிர்பார்த்தவாறே கூட்டம் கலைந்தது. மருந்து விரைவில் இறங்கியது. அதுமட்டுமன்று, ஏற்பியையும் முன்னினும் இறுகப் பற்றிற்று. மேலானதொரு மருந்து கைக்கு எட்டிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் மிகுந்த அளவிற் பெண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் பாற்சுரப்பிகளிலே கட்டிகள் தோன்றின. 1990-களின் முற்பகுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. பூட்டைத் திறந்துவிட்டுத் திறவுகோல் கழன்று வருவதும் அதன் தொழிலிலே ஒரு கூறு. அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டது கேடாயிற்று. நோயாளர் கையில் அம்மருந்து பரவுமுன் எலிகளிற் சோதித்தவர்களின் நிதானத்தை இங்கே பாராட்டாமலிருக்க முடியாது.

பின்னர் வந்தோர் வேறிடத்தை நாடினர். இன்சுலினுக்கு உருவில் நெருங்கிய வளர்ச்சிக் காரணி ஒன்று உடலில் உண்டு. அது இவ்வாறு கூட்டங் கூடுவதில்லை. இன்சுலினின் 28-ஆம் இடத்துப் புரோலினும் 29-ஆம் இடத்து லைசினும் அதிலே இடம் மாறி நிற்பதைக் கண்டனர். இன்சுலினிலும் அவ்விரண்டையும் இடம் மாற்றினர். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. வரிசையில் நின்ற இருவர் இடம் மாறி நின்றது போன்றது. 1996-இல் வெளிவந்த அம்மருந்துக்கு லைசின், புரோலின் என்னும் இரு பெயர்களின் தலைகளையும் சேர்த்து லிஸ்புரோ என்று பெயரிட்டனர். உணவுத் தட்டைக் கண்டபின் ஊசி போட்டுக்கொள்ளலாம். இந்த வசதியின் அருமையை, விளையாட்டிலே மூழ்கிச் சாப்பாட்டை மறக்கும் நீரிழிவுக் குழந்தையைப் பெற்ற தாய் அறிவாள்.

விரைவு வேண்டுவோர்க்கு விரைவு. நிதானம் வேண்டுவோர்க்கோ எதிர்வழி. 2000-ஆம் ஆண்டில் வந்த கிளார்ஜின் என்னும் இன்சுலினிலே நெடுஞ்சங்கிலியின் கடைசியில் ஆர்ஜினின் இரண்டைக் கூட்டினர். அதனால் அது புளித்த அமிலக் கரைசலிலே கரைந்தும், உடலின் நடுநிலையை அடைந்ததும் படிந்தும், ஏறத்தாழ ஒருநாள் முழுவதும் சிறிது சிறிதாய்க் கரைந்து வருகின்றது. ஆனால் அமிலக் கரைசலிலே குறுஞ்சங்கிலியின் 21-ஆம் இடத்து அஸ்பரஜின் கெட்டுப்போகும். எனவே அங்கே கிளைசினையும் வைக்கவேண்டியதாயிற்று. ஒரு மாற்றம் மற்றொரு மாற்றத்தைக் கேட்டது.

மேலே கூறிய வக்காயாமாக் குடும்பத்துக்கு முன்னரே, 1979-இற் சிக்காகோவிலே ஒரு நோயாளியின் பழுதான இன்சுலின் அறியப்பட்டிருந்தது. நெடுஞ்சங்கிலியின் 25-ஆம் இடத்துப் பீனைலலனின் நீங்கி லியூசின் வந்திருந்ததே அதன் குறை. அது ஏற்பியைத் தளர்வாகவே பற்றிற்று. இவ்வாறு தளர்வாகப் பற்றும் இன்சுலின்கள் குருதியில் நெடுநேரம் தங்குகின்றன. ஏனெனில் ஏற்பி பற்றி உள்ளிழுத்துக்கொள்வதும் இன்சுலின் குருதியிலிருந்து நீங்கும் வழிகளில் ஒன்று. குடும்பங்களுக்கு நோயாய் வந்த இத்தளர்ச்சியே பின்னர் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டது. ஐகோடெக் என்னும் இன்சுலினிலே அதே 25-ஆம் இடத்தில் இஸ்ரிடினை வைத்தனர். 16-ஆம் இடத்திலும் அதனையே வைத்தனர். குறுஞ்சங்கிலியின் 14-ஆம் இடத்திலும் ஒரு மாற்றஞ் செய்து, 29-ஆம் இடத்து லைசினிலே ஒரு நீண்ட கொழுப்பமிலத்தைத் தொங்கவிட்டனர். அக்கொழுப்பமிலம் குருதியிலுள்ள அல்புமினைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலே அங்கீகாரம் பெற்ற இம்மருந்தை வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டாற் போதும். மனிதனையும் பன்றியையும் வேறுபடுத்திக் காட்டிய அந்த முப்பதாவது எழுத்தோ இதில் இல்லவே இல்லை. அதற்கும் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு: கடைக்குறை.